மழையில் மறுக்கும் உரிமை: இளம் ஓட்டுநர்களுக்காக எஃப்.ஐ.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

எஃப்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் ஒற்றை இருக்கைப் பந்தய ஆணையத்துக்கும், உலக மோட்டார் விளையாட்டு மன்றத்துக்கும்,

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

2023 ஜூலை 1 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் பந்தயத் தடத்தில் டிலானோ வான்ட் ஹோஃப் இறந்தார். நெதர்லாந்துக்காரர். வயது 18. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் ஃபார்முலா 4 பட்டத்தை வென்றவர். அன்று அவர் ஓட்டியது ஃபார்முலா ரீஜனல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில். ஃபார்முலா 4-க்கு மேலே, ஃபார்முலா 3-க்குக் கீழே நீங்கள் வகுத்து வைத்திருக்கும் படி அது. கனமழை பெய்தது. வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடும் பாதுகாப்புக் காரின் பின்னால் வரிசையாகச் சென்றுகொண்டிருந்த ஓட்டுநர்களுக்கு மீண்டும் பந்தயத்தைத் தொடங்க அனுமதி கிடைத்தது. பந்தயம் ஏறக்குறைய முடியும் தறுவாயில் இருந்தது. ரெய்டியோன் ஏற்றத்துக்கு அப்பால், கெம்மல் நேர்பாதையில் கார்கள் மோதிக்கொண்டன. தடத்தில் சிக்கிக்கொண்ட வான்ட் ஹோஃபின் கார் மீது, முன்னே சென்ற கார்கள் வாரி இறைத்த தண்ணீரின் நீர்த்திரைக்குள்ளிருந்து வந்த இன்னொரு கார் மோதியது.

மறுதொடக்கத்துக்கு உத்தரவிட்டவரைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. பின்னால் வந்து மோதிய இளைஞரைக் குறை சொல்லவும் இல்லை. அந்தத் துயரத்தைச் சுமப்பவர்களில் அவரும் ஒருவர். நான் கேட்க விரும்புவது இதுதான்: ஓடலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் வேளையில், காருக்குள் உட்கார்ந்திருக்கும் பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்களின் குரலுக்கு உங்கள் விதிகளில் எந்த இடம் இருக்கிறது? கீழ்நிலைப் பந்தயங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, அப்படி ஓர் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. அதை உருவாக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் ஒரு மறுப்பைச் சந்தித்துவிடுகிறேன், ஏனென்றால் மழை பற்றிப் பேசினால் உடனே வரும் மறுப்பு அதுதான். மழையில் ஓட்டுவது ஒரு கலை, அதை இளம் வயதிலேயே கற்க வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். 1984-ல் மொனாக்கோவில் எளிய டோல்மன் காரை வைத்துக்கொண்டு இரண்டாம் இடம் வரை வந்த ஐர்டன் சென்னாவும், 1993-ல் டானிங்டனில் ஐந்தாவது இடத்திலிருந்து முதல் சுற்று முடிவதற்குள் முன்னிலைக்கு வந்த அதே சென்னாவும் மழையில்தான் தங்களை யாரென்று காட்டினார்கள். வழுக்கும் தடத்தில் பிடிமானத்தைத் தேடுவதற்குத் திறமை வேண்டும். பார்வையே இல்லாத இடத்தில் எந்தத் திறமையும் உதவாது. நெடுஞ்சாலையில் அடைமழையில் லாரிக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் மாட்டிக்கொண்ட எவருக்கும் அந்த வெண்மை என்னவென்று தெரியும். அதையே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், முன்னால் பத்துப் பதினைந்து கார்கள் தண்ணீரை வாரி இறைக்கும்போது நினைத்துப் பாருங்கள்.

ஃபார்முலா 1 காரின் முழு மழை டயர் ஒவ்வொன்றும் 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை விலக்கித் தள்ளும் என்று பிரெல்லி நிறுவனம் சொல்கிறது. இளம் ஓட்டுநர்களின் கார்கள் சிறியவை, அந்த அளவு வராது. ஆனால் அங்கே வரிசை நீளம். ஐரோப்பிய ரீஜனல் தொடரில் முப்பது கார்கள் வரை நெருக்கமாகத் தொடங்குகின்றன. டயர் விலக்கும் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடுவதில்லை. காரின் அடியிலிருந்து எழும் காற்று அதை மேலே தூக்கி நுண்திவலைகளாக நிறுத்துகிறது. ஸ்பாவைச் சூழ்ந்த, இருபுறமும் மரங்கள் அடர்ந்த ஆர்டென் காட்டுக்குள் அந்தப் புகை கலைய நேரமாகிறது. உள்ளே இருப்பவருக்கு நல்ல வழியென்று ஒன்றும் இல்லை. வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவர் மோதுவார். குறைக்காவிட்டால் முன்னால் நிற்பவர் மீது அவர் மோதுவார்.

1982-ல் ஹாக்கன்ஹைமில் மழையில் நடந்த பயிற்சியில் டிடியே பிரோனி, நீர்த்திரைக்குள் மறைந்திருந்த அலான் ப்ரோஸ்டின் கார் மீது ஏறிப் பறந்து இரு கால்களும் நொறுங்கினார். அந்த ஆண்டு சாம்பியன் பட்டியலில் அவர்தான் முன்னணியில் இருந்தார். அதன்பின் ஃபார்முலா 1 பந்தயம் எதிலும் அவர் ஓட்டவே இல்லை. கார்கள் எவ்வளவோ மாறிவிட்டன. நீர்த்திரை மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் 2023 ஜூலையில் சில்வர்ஸ்டனிலும் 2024-ல் ஃபியோரானோவிலும் ஃபார்முலா 1 கார்களின் சக்கரங்களுக்கு மேல் தண்ணீர்த் தடுப்புகளைப் பொருத்திச் சோதித்தீர்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆனால் முயன்றீர்கள், அதற்கு என் நன்றி. 2025 ஜூலையில் அதே ஸ்பாவில் பெல்ஜியம் கிராண்ட் பிரீயை எண்பது நிமிடங்கள் போலத் தள்ளி வைத்ததும் சரியான முடிவுதான். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் உள்ளிட்ட சிலர் தேவைக்கு மேல் எச்சரிக்கை என்று குறைபட்டார்கள். இருக்கட்டும், பார்வை தெளியும்வரை இருபது பேர் காத்திருந்தார்கள், பிறகு ஓட்டினார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அங்கே காத்திருக்க நேரம் இருந்தது. ஃபார்முலா 1 பந்தயத்துக்கு மூன்று மணி நேர வரம்பு உண்டு. அந்த வார இறுதியே அதற்காக நடக்கிறது. இளம் ஓட்டுநர்களின் பந்தயம் அப்படியல்ல. பெரிய நிகழ்ச்சிக்கு முன்னால் மேடையேறும் துணைப் பந்தயம் அது. 2023-ல் ஸ்பாவில் அந்த வார இறுதியின் நாயகன் புகழ்பெற்ற 24 மணி நேரப் பந்தயம். ரீஜனல் தொடருக்கு ஒதுக்கப்பட்டது சனிக்கிழமையின் ஒரு சிறு இடைவெளி. அரை மணி நேரம்தான் பந்தயம். மழை விடவில்லை என்றால் அதன் பங்கு போய்விடும், அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிடும். அன்றைய முடிவுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அட்டவணைக்குள் எந்த மனிதரும் அமைதியாக முடிவெடுக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன். கடிகாரத்தோடு சேர்த்து வானத்தையும் பார்க்க வேண்டிய நிலையில் பந்தய இயக்குநரை நிறுத்துவது உங்கள் அமைப்புமுறைதான்.

இனி காருக்குள் இருப்பவரிடம் வருகிறேன்.

மோட்டார் பந்தய வரலாற்றில் மழையைப் பார்த்து 'மாட்டேன்' என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1976-ல் ஃபுஜியில் நிக்கி லாவ்டா இரண்டு சுற்றுகள் ஓட்டிவிட்டு காரை நிறுத்தி இறங்கினார். அதன் விலை உலகப் பட்டம். ஜேம்ஸ் ஹன்ட் 69 புள்ளிகள், லாவ்டா 68. ஃபிட்டிபால்டியும் கார்லோஸ் பாசேயும் அன்று இறங்கிவிட்டார்கள். 1989-ல் அடிலெய்டில் கொட்டும் மழையில் பந்தயம் மறுபடி தொடங்கியபோது ப்ரோஸ்ட் காரில் ஏறவில்லை. பிரோனியின் விபத்தை அவர் மறந்திருக்கவில்லை. இன்னும் பின்னால் போனால், 1966-ல் ஸ்பாவிலேயே, முதல் சுற்றில் மழையில் சறுக்கிய ஜாக்கி ஸ்டீவர்ட் பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் சிக்கிக் கிடந்தார். கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் பார்வையாளர் ஒருவரிடம் கருவி கடன் வாங்கி அவரை மீட்டார்கள். அந்த ஸ்டீவர்ட்தான் பின்னர் ஓட்டுநர் சங்கத்தைத் திரட்டினார். 1969-ல் ஸ்பா கிராண்ட் பிரீ நடக்கவே இல்லை, ஓட்டுநர்கள் வர மறுத்தார்கள். 1970-க்குப் பிறகு பழைய நீளத் தடத்துக்கு ஃபார்முலா 1 திரும்பவும் இல்லை. 1983-ல் திரும்பி வந்தபோது அது சுருக்கப்பட்ட வேறு தடம்.

இவர்கள் எல்லோருடைய துணிவையும் மதிக்கிறேன். ஆனால் இவர்கள் யார் என்று பாருங்கள். லாவ்டா, ப்ரோஸ்ட், ஃபிட்டிபால்டி, ஸ்டீவர்ட் நால்வரும் மறுத்த வேளையிலோ சில மாதங்களுக்குள்ளோ உலகச் சாம்பியன்கள். அவர்கள் இறங்கி நடந்தாலும் அடுத்த வாரம் அவர்களுக்கு இருக்கை காத்திருக்கும். ப்ரோஸ்ட் தவிர மற்றவர்களுக்குப் பின்னால், 1961-ல் தொடங்கிய கிராண்ட் பிரீ ஓட்டுநர் சங்கம் நின்றது. ஸ்டீவர்ட் 1964-ல் பிரிட்டனில் ஃபார்முலா 3 ஓட்டிக்கொண்டிருந்த நாள்களில் ஸ்பாவை மறுத்திருக்க முடியுமா? முடியாது. யாரும் அவரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இன்றைய இளைஞரின் கணக்கு அதைவிடக் கடினமானது. ஃபார்முலா 1-க்குப் போக வேண்டுமென்றால் சூப்பர் லைசன்ஸ் வேண்டும், அதற்கு மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் வேண்டும். ஐரோப்பிய ரீஜனல் தொடரில் முதலிடம் பிடித்தால் 25, ஃபார்முலா 3-ல் முதலிடம் பிடித்தால் 30. ஒரு பருவத்தில் ஏறக்குறைய இருபது பந்தயங்கள். ஒன்றை விட்டால் பட்டமே நழுவலாம். இந்த இருக்கைகளுக்குச் சம்பளம் கிடையாது. குடும்பமோ ஆதரவாளரோ பணம் கட்டித்தான் உட்கார முடியும். ஃபார்முலா 3-ல் ஒரு பருவச் செலவு பத்து லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. தந்தை வீட்டை அடகு வைத்திருக்கலாம். பெரிய அணிகளின் பயிற்சித் திட்டங்களைச் சேர்ந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த நிலையில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அணியோடு பேசும் ரேடியோவில் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் உள்ளே வருகிறேன்' என்று சொல்வான் என்று நீங்கள் உண்மையிலேயே எதிர்பார்க்கிறீர்களா? அப்படிச் சொல்லிவிட்டு அவன் வந்தால், தடம் தெளிவாகத் தெரியும் முதலிடத்துக்காரன் வென்றுபோவான். இவன் பெயருக்கு அருகில் யாரோ ஒருவர் 'பயந்தாங்கொள்ளி' என்று எழுதிவைப்பார்.

வயது பற்றி உங்களுக்குக் கவலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014-ல் ஐரோப்பிய ஃபார்முலா 3-ல் எஸ்டபான் ஓக்கோன் பட்டம் வென்றார், மூன்றாவதாக வந்த வெர்ஸ்டாப்பன் பதினேழு வயதில் நேராக ஃபார்முலா 1-க்குப் போனார். உடனே குறைந்தபட்ச வயது 18 என்று விதி போட்டீர்கள். அதாவது, பதினேழு வயதுக்காரருக்கு ஃபார்முலா 1 முடிவுகளை எடுக்கும் முதிர்ச்சி போதாது என்று நீங்களே கருதினீர்கள். அந்தப் பார்வையை ஒரு படி கீழேயும் கொண்டுபோங்கள். கீழே இருப்பவர்களுக்கு முதிர்ச்சி இன்னும் குறைவு. அவர்கள் மீதான அழுத்தம் அதிகம்.

விதிகளை மாற்றும் வல்லமை உங்களிடம் உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2017 ஏப்ரலில் டானிங்டனில் பிரிட்டிஷ் ஃபார்முலா 4 பந்தயத்தில் இரு கால்களையும் இழந்த பில்லி மாங்கர், தனக்கேற்ப மாற்றியமைத்த காரோடு ஒற்றை இருக்கைப் பந்தயத்துக்குத் திரும்பக் கேட்டபோது விதி தடுத்தது. நீங்கள் விதியை மாற்றினீர்கள். அவர் 2018-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3-ல் ஓட்டினார், 2019-ல் மழையில் நடந்த பாவ் கிராண்ட் பிரீயை வென்றார். ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளையத்தை அழகில்லை என்று பலரும் எதிர்த்தபோதும் 2018-ல் கொண்டுவந்தீர்கள். 2022-ல் சில்வர்ஸ்டனில் ஃபார்முலா 2 கார் ஒன்று விளிம்பு மேட்டில் ஏறிப் பறந்து ராய் நிசானியின் தலைக்கு மேல் விழுந்தபோது அந்த வளையம் அவரைக் காத்தது. 2015-ல் மோன்ஸாவில் ஐரோப்பிய ஃபார்முலா 3 ஓட்டுநர்கள் முரட்டுத்தனமாக ஓட்டியதற்காகப் பந்தயத்தையே பாதியில் நிறுத்தவும் உங்கள் அதிகாரிகள் தயங்கவில்லை. ஒழுங்கீனத்துக்காக நிறுத்த முடிந்தவர்களால் பார்வையின்மைக்காகவும் நிறுத்த முடியும்.

ஸ்பாவைப் பற்றியும் ஒரு சொல். அந்தத் தடத்தை நேசிப்பவன் நான். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2007-ல், இன்றைய ஃபார்முலா 2-வின் முன்னோடியான ஜிபி2 பந்தயத்தில் அங்கே வென்ற நாளை எங்கள் ஊர் ரசிகர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஓ ரூஷ், ரெய்டியோன் வளைவுகளை நேராக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று, வறண்ட வானிலையில், 22 வயது அந்துவான் ஹூபேர் அதே ஏற்றத்தின் உச்சியில் ஃபார்முலா 2 பந்தயத்தில் இறந்தார். ஹுவான் மனுவேல் கோரயா கால்களில் கடுமையான காயங்களோடு உயிர் தப்பினார். விபத்துக்குத் தனியொரு காரணம் இல்லை, பல காரணங்கள் சேர்ந்தன என்று உங்கள் ஆய்வு சொன்னது. 2022-ல் அங்கே, தடம் விலகும் கார்கள் வேகம் தணிய இருக்கும் ஓடுவெளி அகலப்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே வான்ட் ஹோஃப். 2021-ல் அங்கேயே ஈரத்தில் டபிள்யூ சீரிஸ் பெண் ஓட்டுநர்களின் ஆறு கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிய காட்சியையும் மறக்க முடியவில்லை. உச்சியைத் தாண்டும்வரை அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாத இடம் அது. தடுப்புச் சுவரில் மோதும் கார் மீண்டும் தடத்துக்கே திரும்பி வரலாம். அப்படிப்பட்ட இடத்தில் நீர்த்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதல்ல, பெருகுகிறது.

நான் கேட்பவை இவை.

பாதுகாப்புக் காரின் பின்னால் மழைக்காக ஓடிய பந்தயத்தில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம் எஞ்சியிருந்தால், இளையோர் தொடர்களில் மறுதொடக்கம் வேண்டாம் என்று விதியில் எழுதுங்கள். கடைசியில் எஞ்சும் அந்த இரண்டு சுற்றுப் பாய்ச்சலில்தான் எல்லோரும் எல்லாவற்றையும் பணயம் வைக்கிறார்கள். அப்போது டயர்கள் குளிர்ந்திருக்கும், கார்கள் நெருங்கி நிற்கும், திரை மிக அடர்த்தியாக இருக்கும். அந்த இரண்டு சுற்றுகளால் ஒரு பருவத்தின் தீர்ப்பு மாறினாலும் அது மாற வேண்டிய முறை அதுவன்று.

ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் வையுங்கள். பாதுகாப்புக் கார் ஓடும்போது, பார்வை போதவில்லை என்று நினைப்பவர் அதை அழுத்தட்டும். அது அணிக்குப் போக வேண்டாம், தொலைக்காட்சிக்கும் போக வேண்டாம். பெயரில்லாமல் பந்தய இயக்குநரின் திரைக்கு எண்ணிக்கையாக மட்டும் போகட்டும். மூன்றில் ஒரு பங்கினர் அழுத்தினால் மறுதொடக்கம் கூடாது. இது ஏன் அவசியம் என்றால், முன்னால் ஓடுபவருக்கு எப்போதும் தடம் தெரிகிறது. பாதுகாப்புக் காரில் இருப்பவருக்கும் தெரிகிறது. கேமராவுக்கும் ஓரளவு தெரிகிறது. பதினைந்தாவது, இருபதாவது காரில் இருப்பவருக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை, அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை. பெயர் வெளிவராது என்ற உறுதி இருந்தால் அவர் உண்மையைச் சொல்வார். விரைவாக ஓட்டும் முன்வரிசைக்காரர் ஆட்சேபித்தால், அடுத்த வாரம் அவரும் பதினைந்தாவது இடத்தில் தொடங்கக்கூடும் என்பதை நினைவூட்டுங்கள்.

மழையால் நிற்கும் பந்தயத்தை அதே பருவத்தின் இன்னொரு சுற்றில் நடத்த வழி வையுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் இதற்கென இரண்டு மாற்று இடைவெளிகளைத் தொடர் அமைப்பாளர்கள் முன்கூட்டியே ஒதுக்கலாம். முடியாதபோது, சூப்பர் லைசன்ஸ் புள்ளிக் கணக்கு அந்தப் பந்தயத்தால் யாரையும் பாதிக்காதபடி ஏற்பாடு செய்யலாம். இது இருந்தால் இயக்குநரின் மனதில் கடிகாரம் ஓடாது, பிள்ளையின் மனதில் தந்தையின் பணம் ஓடாது.

இறுதியாக, கீழ்நிலை ஓட்டுநர்களுக்கும் ஒரு சங்கம் அமைய உதவுங்கள். கிராண்ட் பிரீ ஓட்டுநர் சங்கத்துக்கு இருக்கும் குரல் அவர்களுக்கு இல்லை. ஒவ்வொரு பந்தய வார இறுதியிலும், எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாத ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் பந்தயக் கட்டுப்பாட்டு அறையில் அவர்கள் சார்பில் உட்காரட்டும். முழுத்தொகையைக் கட்டிவிட்டோமே என்ற அச்சம் அவருக்கு இருக்காது.

இவற்றில் செலவு மிக்கது எதுவும் இல்லை. பொத்தானுக்கு ஒரு கம்பியும் ஒரு வரி நிரலும் போதும். சங்கத்துக்கு ஒரு சம்பளம் போதும். மறுதொடக்க வரம்புக்கு ஒரு வாக்கியம் போதும். ஃபார்முலா 2, ஃபார்முலா 3, ரீஜனல், ஃபார்முலா 4 நான்கிலும் ஒரே நேரத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறேன், ஏனென்றால் ஒரே பிள்ளைதான் மூன்று நான்கு ஆண்டுகளில் நான்கையும் கடக்கிறான். தொடருக்குத் தொடர் விதி மாறினால் அவன் கற்றது அடுத்த படியில் உதவாது.

அடுத்த பருவத்துக்கான விளையாட்டு விதிகள் உலக மோட்டார் விளையாட்டு மன்றத்தின் முன் வரும்போது இந்த நான்கையும் விவாதப் பட்டியலில் சேருங்கள். ஏற்க முடியாதவை இருந்தால் ஏன் முடியாது என்பதைப் பொதுவில் எழுதுங்கள். காரணத்தைப் பெற்றோர்களும், ஓட்டுநர்களும், எங்களைப் போலத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களும் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஐரோப்பிய இளையோர் பந்தயங்களைத் தவறாமல் பார்க்கும்
ஒரு தமிழ் ரசிகன்